மூன்றையும் ஒரே இரவில்

மூன்று கோடு இருக்கும்.
பிறகு ஒன்று.
பிறகு அந்தச் சின்ன உலக உருண்டை,
யாரோ கோபத்தில் வெட்டிவிட்டதுபோல்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில்
வாயைத் திறந்தபடி நான் உறைந்துபோனேனாம்.
நாலு நிமிடம் அப்படியே நின்றதை
ஷெரீன் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.
சொல்ல வந்தது, "கணக்கு முடிஞ்சுது."
கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது, "கண."

உதவி இலக்கத்தில் ஒரு பெடியன்.
"றவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ அக்கா."
போட்டேன்.
"இப்ப?"
இப்ப வேலை செய்யுது.
அவன் போனை வைத்ததும் போனது,
டொக்டரைக் கண்டதும் மாறுகிற காய்ச்சல்தான் இதுவும்.

இரவு பத்தரை. கரண்ட் இருக்கு, அதுவே பெரிய விசயம்.
கறுப்புத் திரையைத் திறந்து
எட்டு எட்டு எட்டு எட்டைக் கூப்பிட்டேன்.
நிக்கிறியோ?
ஓம்.
நிக்கிறியோ?
ஓம்.
ஓம். ஓம். ஓம்.
பிறகு போன குரல் திரும்பவில்லை.
காத்துக் களைத்து
லப்டொப்பே தீர்ப்பு எழுதியது:
கால எல்லை கடந்துவிட்டது.
அந்த வசனம் எனக்குப் பழக்கம்.
காணிக் கடிதம் இரண்டுக்குக் கச்சேரியிலும் இதைத்தான் தந்தவை.

றவுட்டர் முன் யன்னலில் நிற்கிறது,
மாங்குளத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு.
அதில் குறையில்லை.
ரகுபரனின் போனை அதற்குப் பக்கத்தில் வைத்தால்
கிரிக்கெட் ஒரு பந்துகூட விக்காமல் ஓடுகிறது.
அப்ப பிழை
யன்னலுக்கும் என் மேசைக்கும் நடுவில்,
பதினாலு அடிக்குள்.

பதினாலு அடிக்குள் என்ன இருக்கு?
ஒரு கதிரை. நெல்லு மூட்டை மூன்று.
தகரம்.

வீட்டுத்திட்டக் காசு உள்சுவருக்கு முதலே முடிந்துவிட்டதில்
கொட்டில் கூரையின் ஆறு தகரத்தை
நிமிர்த்தி அடித்து அறை பிரித்தோம்.
ஒரு நிறுவனத்தின் பெயர் நீலத்தில் பாதி இருக்கிறது.
நாலு மாரியை மறித்த தகரம்,
இதையா விடப்போகுது?

பிறகு பட்டியல். சுற்றுவட்டாரத்தில் யார் யார் காற்றில் இருக்கிறார்கள் என்று.
"சின்னமணி ஸ்ரோர்ஸ்."
"பாஸ்வேட் கேக்காதே."
"றோயல் வில்லா", அது குணாளனின் கோழிக்கூட்டுக்குப் பின்னறை.
கடைசியில் பெயரில்லாத ஒன்று,
பூட்டுப் போட்டு, நாலு கோடும் நிறைய.
றோட்டுக்கு அந்தப் பக்கம், முட்கம்பிக்குள்
அவர்களுக்கு நல்ல அன்ரெனா.

ஆறாம் சானலில் அவர்களும்,
ஆறாம் சானலில் நாங்களும்.
நெருக்கமென்றால் ஒருவர் விலகவேண்டும்.
யார் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.
பதினொன்றுக்குப் போனேன்.
"எத்தினையாவது இடப்பெயர்வு?" என்றான் ரகுபரன்.
எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.
சாமான் கட்டாமல் போனது இதுதான் முதல்தரம்.

இன்னுமொன்று கிடந்தது.
அமைப்புகளுக்குள் ஆறு கதவு தாண்டி
ஒரு சின்னப் பெட்டியில் சரி போட்டிருந்தது:
மின்சாரம் மிச்சம் பிடிக்க
இந்தக் கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி உண்டு.
எப்ப குடுத்தனான் இந்த அனுமதியை?
எடுத்துவிட்டேன்.
நித்திரை கொள்ளாதே. நானும் கொள்ளேல்லை.

சுத்தியலின் பிளந்த பக்கத்தால்
ரகுபரன் ஆணி கிளப்பினான்.
நடுத்தகரம் கத்திக்கொண்டு வந்தது.
குணாளன் வீட்டு நாய் குரைத்தது.
கம்பிக்குள்ளிருந்து ஒரு லைட்
எங்கள் முற்றம்வரை வந்து பார்த்துவிட்டுப் போனது.

இடைவெளிக்குள்ளால்
றவுட்டரின் பச்சைப் பொட்டு நேரே தெரிந்தது.

நிக்கிறியோ?
அரை மணித்தியாலத்தில் ஆயிரத்து எண்ணூறு ஓம்,
ஒன்றும் தவறவில்லை.

எதனால் என்று தெரியாது.
மூன்றையும் ஒரே இரவில் மாற்றினால் தெரியாதுதான்.
ஒவ்வொன்றாய்ப் பழையபடி வைத்துப் பார்க்கவேண்டும்,
அதுதான் முறை.
தகரத்தைத் திருப்பி அடித்து,
ஆறாம் சானலுக்குத் திரும்பிப் போய்...

"விடப்பா," என்றான். "சீலையொண்டு கட்டுவம்."

நடுச்சாமம் தாண்டி, ஒருதரும் இல்லாத கமராவுக்குச்
சொல்லிப் பார்த்தேன், கடைசி எழுத்து வரைக்கும்:
கணக்கு முடிஞ்சுது.

தகரத்தைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனவனிடம்
பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திடாதை
என்று மட்டும் கத்தினேன்.